மூன்றாவது வாய்மொழித் தேர்வு

ஒத்தக்கடையில் பள்ளி அலுவலக எழுத்தரான பெர்சி, நாற்பத்து நான்கு வயதில் இணைய வழியில் பிரெஞ்சு எம்.ஏ. படித்தாள். எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். வாய்மொழித் தேர்வில் மட்டும் இரண்டு முறை நா எழவில்லை. இந்த முறையும் தவறினால் பட்டம் கிடையாது.

"வாயத் தெறந்து பேசுங்கக்கா. எங்கள வையிறப்ப மட்டும் நல்லா வருதுல்ல?" என்று சிரித்துவிட்டு, அலுவலக உதவியாளர் பாண்டிச்செல்வி சனிக்கிழமை மதியம் வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஆளில்லாத அலுவலகத்தில் பெர்சி மடிக்கணினி முன் உட்கார்ந்தாள். தேர்வு நடத்திய அம்மையார், பிறந்த ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னார். திருவாதவூர்க் கண்மாய் ஒரே இரவில் நிரம்பியதும், கரையில் அப்பா நிறுத்தியிருந்த சைக்கிள் சீட்டு வரை மூழ்கியதும், சீட்டின்மேல் ஒரு கொக்கு நின்றதும் அவள் நினைவில் வந்தன. வாய் மட்டும் திறக்கவில்லை. நான்கு நிமிடம் அப்படியே போனது. அம்மையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு விடைபெற்றார்.

திங்கட்கிழமை மதிப்பெண் வந்தது. இருபதுக்குப் பத்தொன்பது. கீழே ஒரு வரி இருந்தது: "அந்தக் கொக்கை மறக்க மாட்டேன்."

பெர்சி தேர்வின் பதிவை ஓடவிட்டாள். மூடிய உதடுகளோடு தன் முகத்தைப் பார்த்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. டீ கொண்டுவந்த பாண்டிச்செல்வி, பிரெஞ்சில் ஒரு சொல்லும் அறியாதவள், டம்ளரைக் கீழே வைக்காமல் கடைசிவரை பின்னால் நின்றாள்.

"எம்புட்டு அழகாச் சொல்லிருக்கீங்கக்கா," என்றாள். "சைக்கிள் சீட்டுல கொக்கு வந்து நிக்கிற எடத்துலருந்து இன்னொருக்கா போடுங்க."