காக்கா பாடிய குயில் பாட்டு

பங்குனி முழுக்கத் தொண்டை வறள உழைத்து ஆண் குயில் ஒரு பாட்டுக் கட்டியது. ஏகப்பட்ட சங்கதி, போதாததற்கு மரங்கொத்தியின் தாளம். அணில்கள், "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொறிக்கப் போய்விட்டன.

அதே பாட்டைப் பக்கத்து மரத்துக் காக்கா தாளமும் சங்கதியும் இல்லாமல், கரகரத்த குரலில் மெல்லப் பாடியது. மறுநாள் தோப்பே அதை முணுமுணுத்தது. மரங்கொத்திகூடக் கொத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டது.

குயிலுக்கு வயிறு எரிந்தது. நேரே காக்காவின் கூட்டுக்குப் பறந்தது.

"இந்தத் தொண்டைக்குப் பாட்டு ஒரு கேடா? அது நான் பெத்த பாட்டுடி!"

"மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் தூங்கினான்" என்றது காக்கா. "உங்க பாட்டுதான், இல்லேங்கல. இவன் அழுகையை நிறுத்த, எனக்கு வந்த மாதிரி பாடினேன். ஊரே கேட்கும்னு கண்டேனா?"

காக்கா சிறகை விலக்கியது. உள்ளே ஒரு குயில் குஞ்சு.

குயில் ஒரு கணம் தடுமாறியது. ஆனாலும் பொறாமை விடவில்லை. "அசல் எப்படி இருக்கும்னு கேளு!" என்று எல்லாச் சங்கதிகளோடும் உச்சத்தில் பாடியது.

குஞ்சு திடுக்கிட்டு விழித்து, காக்காவோடு ஒட்டிக்கொண்டது.

"யாரும்மா இது? உன் பாட்டை இப்படிக் கெடுக்குது?"