நீலப் புள்ளி

பதினோராவது முறையும் அந்தப் புள்ளி நோயாளிகள் பக்கமே போய் உட்கார்ந்தது. நாற்பது பேரின் ரத்தப் பரிசோதனை அளவுகளை, ஆளுக்கொரு புள்ளியாகக் கணினி இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தது. நோயாளிகளுக்குச் சிவப்பு, ஆரோக்கியமானவர்களுக்கு நீலம் என்று நிறம் கொடுத்தவள் ஆராய்ச்சி மாணவி பரிமளா. சிவப்புக் கூட்டத்தின் நடுவே ஒரேயொரு நீலம்.

"ஒண்ணுதானேம்மா, தூக்கிடு. படம் சுத்தமாயிடும்" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் போய்விட்டார்.

அது ஆய்வக உதவியாளர் சவரிமுத்துவின் ரத்தம். ஆரோக்கியமான ஆள் ஒருவர் குறைகிறார் என்றதும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவர். இப்போது அவரே டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

"இன்னும் முடியலையா மேடம்? என் ரத்தம் உதவுச்சா?"

"இன்னொரு தடவ ஓட்டிப் பாத்துடறேண்ணே."

எரியும் கண்ணைத் துடைத்தாள். திரையைத் தோளால் மறைத்துக்கொண்டு பன்னிரண்டாவது முறையாகப் பட்டனைத் தட்டினாள்.