வக்கீல் கிடைக்காத ஊர்

“உங்க பேரு, உங்க மனைவி பேரு ரெண்டும் சொல்லுங்க.”

“நான் டாரல் ஹின்ச். அவ நெரிடா.”

வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள். சிரிப்பு மறைந்தது.

“மன்னிக்கணும். உங்க கேஸை நாங்க எடுத்துக்க முடியாது.”

“ஏன்?”

“காரணம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லைங்க.”

ஆஸ்திரேலியாவின் மெக்கே நகரில், பிரிந்தவர்களின் குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்குக்குப் பேர்போன வக்கீல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அதில் கடைசி ஆபீசும் இப்போது கையை விரித்துவிட்டது.

ஒரே ஒருவர் மட்டும், பேரைக் கேட்பதற்கு முன்பே விஷயத்தைக் கேட்டிருந்தார்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

“என் பொண்ணு டில்லி முழுசா என்கிட்டயே இருக்கணும். அவளுக்கு ஏழு வயசு.”

“நீங்க ஒரு வாரம் சுரங்கத்துல, ஒரு வாரம் வீட்டுலன்னு சொல்றீங்க. சுரங்கத்துக்குப் போற வாரம் பொண்ணை யார் பார்த்துப்பாங்க?”

“அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல ஜெயிக்கணும்.”

பேரைச் சொன்னதும் அவரும் எழுந்து, வெளியே போகச் சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் பப்பில், கூட வேலை செய்யும் வேய்னிடம் டாரல் புலம்பினான். வேய்ன் விழுந்து விழுந்து சிரித்தான்.

“உன் பொண்டாட்டி பெரிய கில்லாடிடா! இது கூடவா புரியலை?”

“என்னடா?”

“அவ எல்லா வக்கீலையும் முன்னாடியே பார்த்துப் பேசிட்டா. ஒரு தரப்போட ரகசியத்தைக் கேட்ட வக்கீல் எதிர்த்தரப்புக்கு வாதாடக் கூடாது. என் மச்சினன் இதே வேலையைத்தான் பண்ணினான். ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் உனக்கு எதிரா பூட்டிட்டாடா மச்சான்!”

டாரல் பீர் கிளாஸைத் தள்ளி வைத்தான். பிரிந்து நாலு மாதம்தான் ஆகிறது. அதற்குள் இப்படி ஒரு சூழ்ச்சியா? பத்து வருஷம் கூட வாழ்ந்தவளா இவள்?

சனிக்கிழமை டில்லியைக் கூட்டிப்போகப் போனபோது, காரை விட்டு இறங்கும்போதே அவனுக்குக் காது சூடேறியிருந்தது.

டில்லி கொல்லையில் டிராம்போலின் வலை மேல் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். நெரிடா பின்பக்க வராந்தாவில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கு நெரிடா, நீ பண்றது” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“மெதுவா பேசு. என்ன பண்ணினேன்?”

“ஊர்ல ஒரு வக்கீல் விடாம...”

வராந்தாக் கைப்பிடிக்கு மேல் டில்லியின் தலை எழும்பியது. “அப்பா, பாரு!”

“சூப்பர்டா கண்ணு!” இருவரும் சிரித்துக் கையாட்டினார்கள். தலை கீழே போனது.

“...ஒருத்தர் விடாம போய்ப் பார்த்திருக்க. இல்லைன்னு சொல்லு பார்ப்போம்!”

“ஆமா, போனேன். அதுக்கென்ன?”

“எனக்கு யாரும் கிடைக்கக் கூடாதுன்னு பூட்டத்தானே போன?”

“பூட்டா? என்ன உளர்ற நீ?”

அவள் முகத்தைப் பார்த்தான். நடிக்கிற முகமாகத் தெரியவில்லை. பிடியை விட மனமில்லாமல் கேட்டான்.

“அப்புறம் எதுக்கு இத்தனை பேர்? ஒருத்தர் போதாதா?”

நெரிடா கையிலிருந்த டில்லியின் பள்ளிச் சட்டையைக் கீழே வைத்தாள்.

“முதல்ல பார்த்தவர், ‘புருஷன் குடிப்பாரா, அடிப்பாரா’ன்னு கேட்டார். இல்லைன்னேன். ‘பரவாயில்லை, சுரங்க வேலைங்கிற ஒரே காரணம் போதும். பொண்ணு மாசத்துல ரெண்டு நாள்தான் அப்பாகிட்டப் போற மாதிரி பண்ணிடலாம்’னார். எழுந்து வந்துட்டேன்.”

“எழுந்து வந்துட்டியா?”

“அடுத்த இடத்துலயும் அதே பேச்சுதான். ஒரு வக்கீலம்மா, உன்னைப் பத்திக் கெட்டதா ஏதாவது ஞாபகப்படுத்திச் சொல்லுன்னு உட்கார்த்தி வெச்சுக் கேட்டாங்க. நான் போனது அதுக்கா?”

“பின்ன எதுக்குத்தான் போன?”

“நீ வீட்டுல இருக்கிற வாரமெல்லாம் டில்லி உன்கூட இருக்கணும்னு எழுதித் தர ஒரு வக்கீல் வேணும்னுதான். ஊர் முழுக்க அலைஞ்சேன், டாரல். ஜெயிச்சுத் தர்றேன்னு சொல்றவங்கதான் இருக்காங்க.”

“அப்பா, இன்னும் உசரமா!” தலை மறுபடியும் எழும்பியது. டாரல் கையை மட்டும் ஆட்டினான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“எத்தனை தடவை போன் பண்ணினேன்? நீ எடுத்தாத்தானே!”

டாரல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மடிக்காமல் கிடந்த துணியிலிருந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தான்.

“கடைசியா ராக்ஹாம்ப்டன்ல ஒருத்தர் கிடைச்சிருக்காங்க” என்றாள் நெரிடா. “வக்கீலா இருந்தவங்க, இப்போ சமரசம் மட்டும்தான் பேசி வெக்கிறாங்களாம். ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் உள்ளே விடுவாங்களாம். வியாழக்கிழமை உனக்கு லீவுதானே? வர்றியா?”

“வர்றேன். நானே கார் ஓட்டறேன். நாலு மணி நேரம் நீ தனியா ஓட்ட வேண்டாம்.”

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாளாகியிருந்தது. ஏதோ ஞாபகம் வந்தவள் போலக் கேட்டாள்.

“ஆமா, நீயும் வக்கீல் வக்கீலா ஏறி இறங்கினியே, அவங்ககிட்ட நீ என்ன கேட்ட?”

டாரல் துண்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தான்.

“நானும் அதையேதான் கேட்டேன்” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.