அரைச் சாண் மண்

கொத்தனாருக்கு முட்டி இரண்டும் விண்விண்ணென்று தெறிக்கிறது. இருந்தும் வேலையிலிருந்து வந்த கோலத்திலேயே தோட்டத்துச் சுவரோரம் குந்தியிருக்கிறார். சாய்ந்த வெயிலின் சூடு செங்கல்லில் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஓர் இலைகூட இல்லாத தண்டின் உச்சியில் நெரைன் என்ற கிழங்குப் பூச்செடியின் மொட்டு பிரிந்து, ஓரம் சுருண்ட இளஞ்சிவப்பு இதழ்கள் விரிகின்றன. மனைவி தன் தங்கை இறந்தபின் அவள் தோட்டத்திலிருந்து கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்த கிழங்குகள் இவை. அஸ்திவாரம் போட்டே பழகிய கை, இவற்றையும் அரைச் சாண் ஆழத்தில் புதைத்து மண்ணை அடித்து இறுக்கிவிட்டது. மூன்று வருடம் வெறும் இலைதான். போன வருடம் கழுத்து வெளியே தெரிந்தால்தான் பூக்கும் என்று பக்கத்து வீட்டு நர்ஸ் சொன்னபிறகே, கிழங்கை அசைக்காமல் பழைய கரண்டியால் மண்ணைச் சுரண்டி, அதன் கழுத்தை வெயிலுக்குக் காட்டினார்.

“கைகால்கூடக் கழுவாம இங்க என்னங்க பண்றீங்க?” என்று வருகிறாள் மனைவி. அவர் நகர்ந்து இடம் விடுகிறார். அவளும் குந்துகிறாள். பூவைத் தொடவில்லை; அவள் மூச்சுக்கே ஓர் இதழ் ஆடுகிறது.

“அவ வீட்ல பூத்த அதே கலருங்க.”

“ம்.”

“கொத்தனார் கையில மாட்டியும் பொழச்சிருச்சே.”

“அஸ்திவாரம் கொஞ்சம் பலமாப் போட்டுட்டேன்.”

அவள் சிரிக்கிறாள், சிரிப்போடு கண்ணும் நிறைகிறது. சிமென்ட் காய்ந்த தன் விரல்களையே அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். “உன் தங்கச்சி கிழங்கு மலட்டுக் கிழங்குடி” என்று மூன்று வருடமும் அவள் வாயை அடைத்தவர். அதற்கு அவர் அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.