நனையாத கழுத்து

டயாலிசிஸ் பாதியிலேயே குளிர்ஜுரம் செங்கோடனைத் தூக்கித் தூக்கிப் போட்டது. கழுத்துக் குழாய் வழியாக ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டதாம்.

"தலைக்கு ஊத்தியிருப்பீங்க. படிச்சுப் படிச்சுச் சொன்னோமே!" என்று கடிந்தார் டெக்னீஷியன்.

பெற்ற தாய்க்குக் கொள்ளி வைத்துவிட்டு, குழாய் நனையக் கூடாதென்று தலை முழுகாமலே வீடு திரும்பியவன் செங்கோடன். பங்காளிகள் காறித் துப்பாத குறைதான்.

பக்கத்துக் கட்டிலில் ரத்தம் துடைத்த அதே கையுறையோடு செல்போனில் பேசி முடித்த டெக்னீஷியன், அவன் குழாயைக் கழற்றக் குனிந்தார். செங்கோடன் கழுத்தைப் பொத்திக்கொண்டான்.

"மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க சார்."

"என்ன சொன்னே?"

மற்ற ஏழு கட்டில்களிலும் கைகள் மெல்ல எழுந்து, அவரவர் கழுத்தைப் பொத்தின.