பிரியாணி இல்லாத விருந்து

"பிரியாணி பிரியாணின்னு ஒரு வாரமா ஆசை காட்டிட்டு, இப்ப துருக்கியாம் துருக்கி!"

பைக்குக்கு ஸ்டாண்ட் போடும்போதே ராஜ்குமார் ஆரம்பித்துவிட்டான். மத்தூர்க்காரன். மனதில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாதவன்.

பின்னால் உட்கார்ந்து வந்த மாடசாமி வலது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டபடியே இறங்கினார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் கம்பெனி பிரஸ் மெஷின் அந்தக் கையில் கட்டைவிரலை மட்டும் விட்டுவிட்டு மற்ற நாலையும் எடுத்துக்கொண்டது. இப்போது ஸ்டோரில் வேலை. கையெழுத்துப் போட இடது கை பழகிவிட்டது. சாப்பாடுதான் பழகவில்லை. இடது கையால் சோற்றைத் தொட மனசு கூசியது. ஸ்பூனால் எடுத்தால் பாதி சட்டைக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் ஒருநாள், உடன் வேலை பார்த்த ஒருவன் பரிதாபப்பட்டு ஊட்டிவிட்டான். மனுஷன் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அழுதுவிட்டார். அன்றோடு சரி. வெளியாள் எதிரில் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. கேன்டீன் காலியான பிறகு போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்.

இன்றைக்கும் வருவதாக இல்லை. மனைவி ஜெயமணிதான் விடவில்லை.

"எத்தன நாளைக்குத்தான் இப்படி ஒளிஞ்சு ஒளிஞ்சு சாப்பிடுவிய? போயிட்டு வாங்க. முடியலன்னா வயித்து வலின்னு எந்திரிச்சு வந்துருங்க."

அந்த வயிற்று வலியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

விருந்து கொடுப்பவர் ஜெகதீஷ். நேற்றுவரை இவர்களோடு லைனில் நின்றவர், இந்த மாதம் சூப்பர்வைசர் ஆகியிருந்தார். அதற்குத்தான் இந்த ட்ரீட்.

கடையைப் பார்த்ததும், கூட வேலை பார்க்கும் அனிதாவுக்கும் முகம் விழுந்துவிட்டது. சிப்காட் பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில், பஞ்சர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் நாலே நாலு மேஜை. சுவரில் ஒரு மசூதிப் படத்தை மாட்டியிருந்தார்கள். துருக்கிக்கு அதுதான் அத்தாட்சி. கடைக்காரர் என்னவோ கர்நாடக எல்லையில் இருக்கும் ஆனேக்கல்காரர்தான். கத்தாரில் ஒரு துருக்கி ஓட்டலில் பத்து வருஷம் சமைத்தவராம்.

"மெனு கார்டையாச்சும் கண்ல காட்டுங்க சார்" என்றாள் அனிதா ஜெகதீஷிடம்.

"எல்லாம் நானே சொல்லிட்டேன்மா. ஆளுக்கொரு சிக்கன் ரோல், படகு மாதிரி ரொட்டி, கோஃப்தான்னு கறி உருண்டை."

"சோறு?"

"சோறு வேண்டாம்."

"சூப்பாவது சொல்லலாமில்ல?"

"அதெல்லாம் எதுக்கு, விடும்மா."

"சூப்புக்கும் தடையா! இதுக்கோசரம் நான் காலையில டிபன்கூட சாப்பிடல" என்று ராஜ்குமார் புலம்பினான்.

'சோறு வேண்டாம்' என்ற வார்த்தையில்தான் மாடசாமிக்கு மூச்சே வந்தது. ஆனாலும் வயிற்று வலியைக் கைவிடவில்லை. வருவது என்னவென்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று ஓரமாக உட்கார்ந்தார்.

ரோல் வந்தது. பாதிக்குமேல் காகிதம் சுற்றியிருந்தது. எப்படிப் பிடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. ராஜ்குமார் இரண்டு கையாலும் அமுக்கிக் கடித்தான். மறுபக்கம் பிதுங்கி வந்த சாஸ் நேராக அவன் புதுச் சட்டையில் இறங்கியது.

"ஐயோ, என் சட்டை!"

மேஜையே சிரித்தது. அனிதாவுக்கு மூக்கில் சாஸ். வாய் கொள்ளாமல் கடித்துவிட்டு விழித்தான் இன்னொருவன். எவனுக்கும் அடுத்தவன் கையைப் பார்க்க நேரமில்லை.

மாடசாமி இடது கையால் ரோலை எடுத்தார். காகிதத்தைப் பல்லால் கொஞ்சம் கிழித்துவிட்டு ஒரு கடி கடித்தார். ஒரு துணுக்கு சிந்தவில்லை. அடுத்து ரொட்டித் துண்டு. அதுவும் ஒரு கைக்கு அடக்கமாக இருந்தது. கோஃப்தாவில் குச்சி குத்தியிருந்ததால் அதற்கும் சிரமமில்லை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் 'ஊட்டிவிடட்டுமாண்ணா' என்று கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து நாலு பேரோடு உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டார். அவருக்கு அந்தக் காரமில்லாத கறி தேவாமிர்தமாக இருந்தது. துருக்கிக்காரன் பரம்பரையே நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினார். பிறகு இன்னொரு ரோல் கேட்டார்!

கடைசியில் சின்னக் கண்ணாடி டம்ளர்களில் டீ வந்தது.

"பாலையும் காணோம். சூப்பர்வைசர் ஆனதும் சாருக்குக் கஞ்சத்தனம் தானா வந்துருச்சுப்பா" என்றான் ராஜ்குமார்.

எல்லாரும் சிரித்தார்கள். மாடசாமிக்கும் குஷி தாங்கவில்லை. எத்தனையோ நாளாகக் கூட்டத்தில் வாயைத் திறக்காதவர், இன்றைக்குத் தானும் ஒரு வார்த்தை சேர்த்தார்.

"பிரியாணிக் கடைக்கு வழியே மறந்துபோச்சுல்லா அவருக்கு! நாமதான் கூட்டிட்டுப் போய்க் காட்டணும்."

சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. ஜெகதீஷும் அசடு வழியச் சிரித்தார்.

"சரிப்பா, சரிப்பா. கஞ்சன்னே வெச்சுக்கோங்க."

அப்போது கடைக்காரர் தட்டுகளை எடுக்க வந்தார்.

"ஊட்டா ஆயிதா சார், சாப்பாடு ஆச்சா? எல்லாருக்கும் திருப்திதானே?"

ஜெகதீஷ் அவசரமாக எழுந்தார்.

"எல்லாம் ஆச்சு. நீங்க போங்க, நான் கவுன்டருக்கே வர்றேன்."

கடைக்காரர் போகவில்லை. ஜெகதீஷின் வலது கையை அக்கறையோடு உற்றுப் பார்த்தார்.

"நேத்து இந்தக் கையில பெரிய கட்டோட வந்து, இடது கையாலயே ஒவ்வொண்ணா சாப்பிட்டுப் பார்த்து, சிந்தற ஐட்டத்தையெல்லாம் வேண்டாம்னு மெனுவுல அடிச்சுவிட்டீங்களே... இன்னைக்குக் கை தேவலையா சார்?"