பாதியில் நின்ற தண்டு

“எல்லப்பனை இப்பவே வேலையை விட்டு அனுப்புங்க. இல்லேன்னா இந்த ஆர்டரை மறந்துடுங்க.”

அதிகாரி தசரதன் போட்ட சத்தத்தில் தண்டலத்துப் பட்டறையே அடங்கிப்போனது. மேஜைமேல் ஒரு பக்கம் நசுங்கிய எலுமிச்சம்பழம். முதலாளி கன்னியப்பன் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

அந்த ஏப்ரலில் ரஷ்யாவில் அணு உலை வெடித்ததிலிருந்து, தசரதன் வேலை பார்த்த ஆராய்ச்சி உலையில் ஒவ்வொரு பாகத்தையும் புதிதாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆபத்து என்றால் மின்சாரத்தை நிறுத்துவார்கள். தண்டை மேலே பிடித்திருக்கும் மின்காந்தம் பிடியை விட்டுவிடும். தண்டு குழாய்க்குள் விழுந்து உலையை அணைக்கும். அந்தத் தண்டையும் குழாயையும் புதிதாகச் செய்யும் வேலை கன்னியப்பனுக்குக் கிடைத்திருந்தது.

முந்தின நாள் ஆயுத பூஜை. சோதனைக்கு வந்த தசரதன் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து, “சுத்தமா இருக்கு” என்று தலையாட்டினார். பிறகு அவரை முன்னால் நிறுத்தித்தான் பூஜையே நடந்தது. கழுத்துக்கு மாலை, முதலாளி மகள் சரோஜா கையால் எலுமிச்சம்பழம், பொரி, சுண்டல் என்று உபசாரத்துக்குக் குறைவில்லை. கற்பூரத் தட்டு வந்தபோது, குழாயின் திறந்த வாயை ஒட்டி நின்றவர் இரண்டு கைகளாலும் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூஜை போட்ட சாமானை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. தொடவும் இல்லை.

விஜயதசமி காலை, நல்ல நேரம் பார்த்துத் தசரதனே சுவிட்சை அணைத்தார். சர்ரென்று இறங்கிய தண்டு பாதியில் நின்றது. குழாயைக் கவிழ்த்துத் தட்டியதும் பழம் உருண்டு வந்தது.

பட்டறையில் பூஜை வேலையெல்லாம் ஃபிட்டர் எல்லப்பன் பொறுப்பு. தையில் சரோஜாவுக்குத் தாலி கட்டப்போகிறவனும் அவன்தான்.

“இன்னாடா பண்ணி வெச்ச?” என்றார் கன்னியப்பன்.

“ஸ்கூட்டர்ல பழம் கட்னது நானு, வாசல்ல கட்னது நானு. கொழாய்க்குள்ள போட எனக்கு இன்னா பைத்தியமா மாமா?”

“எங்க உலைக்கே திருஷ்டி கழிக்கிறியா நீ?” தசரதன் சீறினார்.

“திருஷ்டிப் பழம்னா அறுத்து, குங்குமம் தடவி, ரோட்டுல நசுக்குவோம் சார். இது அறுக்காம முழுசா கீது. ஒரு பொட்டு குங்குமம் கீதா பாருங்க!”

“கழுவிப் போட்டிருப்ப!”

கன்னியப்பன் கைகூப்பினார். “தையில கல்யாணத்த வெச்சிக்கினு மாப்பிள்ளைய எப்டி சார் தொரத்தறது?”

“மாப்பிள்ளைன்னு உலை பார்க்குமா? அங்க வெடிச்சதுக்கும் மனுஷங்க அலட்சியம்தான் காரணம். கவனம் இல்லாதவன் எவனா இருந்தாலும் இந்தச் சாமான் பக்கமே நிக்கக்கூடாது. இதுல நான் யாருக்கும் சலுகை காட்ட மாட்டேன்!”

கன்னியப்பன் மகளைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்தார். “எல்லப்பா... கொஞ்ச நாளைக்கு குன்றத்தூர்ல உங்க அண்ணன் கடையில இருந்துக்கோ.”

எல்லப்பன் காக்கிச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வாசலை நோக்கி நடந்தான்.

“கொஞ்சம் நில்லுங்க” என்று அவனைத் தடுத்தாள் சரோஜா. மேஜையிலிருந்த பழத்தை எடுத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு தசரதன் பக்கம் திரும்பி, மிகவும் பணிவாகக் கேட்டாள்:

“சார், நேத்து உங்க கையில நான் குடுத்த பழம் எங்க?”